ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: இங்கே மழை.

போனில் ஒன்றும் பேச முடியவில்லை. நீ எடுத்தால் அத்தான் பிடுங்கிக்கொள்கிறார். அவர் வைக்கும்போது உனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடுகிறது. நீ சொன்ன மாதிரி கடிதமே மேல்.

விஷயம் இதுதான். விசா குலுக்கலுக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து விண்ணப்பம் வாங்குகிறார்கள். நவம்பர் ஐந்தோடு சரி. எனக்கு இது நாலாவது தடவை. பேர் விழுந்தால் நிரந்தர அனுமதி. விழாவிட்டால் ஆகஸ்டில் மூட்டை கட்ட வேண்டியதுதான். கம்பெனி இனிமேல் என் வேலை அனுமதியை நீட்டிக்காது என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். லிஃப்ட் ஆய்வாளர் பரீட்சையைப் போன வருஷமே பாஸ் செய்துவிட்டேன், ஆனால் நிரந்தர அனுமதி இல்லாதவனுக்கு உரிமம் தர மாட்டார்கள். அந்தச் சான்றிதழை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் இன்னொரு குண்டையும் போட்டிருக்கிறார்கள். புது மசோதா ஒன்று வருகிறதாம். குலுக்கலை அடியோடு எடுத்துவிட்டு, படிப்புக்கும் சம்பளத்துக்கும் மார்க் போட்டு ஆள் எடுப்பார்களாம். என் படிப்புக்கு என்ன மார்க் வரும் என்று உனக்குத் தெரியாதா? ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நீதானே! ஆக இதுதான் கடைசிக் குலுக்கல் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த நிரந்தர அனுமதி அட்டை மட்டும் கைக்கு வந்தால் வருஷா வருஷம் ஊருக்கு வந்து போகலாம். இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லை. அம்மாவின் கடைசிக்கே வராதவன் நான். ஊரைப் பார்த்து ஏழு வருஷமாகிவிட்டது அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி

*

அக்டோபர் 2

என் மறதிமன்னனுக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதற்கென்ன, என்னோடு வந்தது என்னோடு போகும்.

நேற்று முதல் தேதி. விண்ணப்பம் போட்டாயா? போடவில்லை என்று எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் படிவத்தில் பிறந்த தேதி கேட்ட இடத்தில் அன்றைய தேதியைப் போட்டுவிட்டு வந்தவன் நீ. பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் முடிந்து மூன்றாம் நாள் வந்து, "அக்கா, ஒரு சின்ன விஷயம்" என்று தலையைச் சொறிந்தவன் நீ. பள்ளிக்கூடத்திலிருந்து விமானம் ஏறின நாள்வரை உன் படிவம் எதை நீ எழுதினாய், சொல்? நான்தான் எழுதினேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். உன் கையெழுத்து எனக்கு உன்னைவிட நன்றாகவே வரும்.

இங்கே ஜெராக்ஸ் கடையிலேயே அந்தப் படிவம் கிடைக்கிறது, தெரியுமா? சும்மா ஒன்று வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பக்கம். ஆஸ்பத்திரியில் மத்தியானம் சாப்பிட்ட கையோடு படித்தேன். என் ஜன்னலில் டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்க வருகிறவர்களிடம் நான் பெயர், வயது, என்ன உபாதை என்று மூன்றுதான் கேட்கிறேன். அவர்கள் முப்பத்தாறு கேட்கிறார்கள்!

ஒன்று சொல்கிறேன், கேள். தொழில் என்ற இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதாதே. லிஃப்ட் பொறியாளர் என்று எழுது. வந்து பார்க்கவா போகிறார்கள்? உன் அத்தானும், "ஆமா, அப்படியே போடச் சொல்லு, எடுப்பா இருக்கும்" என்கிறார்.

உடனே பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

அக்டோபர் 21

தம்பிக்கு,

நலமா? பதில் இல்லை. போன் அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை. நாலு நாள் அடித்துப் பார்த்துவிட்டேன். உன் அத்தான், "வேலையா இருப்பான், விடு" என்கிறார். அவருக்கென்ன, தலையணையில் தலை வைத்ததும் குறட்டை விடுகிறார்.

நவம்பர் ஐந்துக்கு இன்னும் பதினைந்தே நாள். தபால் போய்ச் சேரப் பத்து நாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்றைக்கு ஜன்னலில் ஒருவர் வயது ஐம்பது என்றார், நான் ஐந்து என்று எழுதிக் குழந்தைகள் டாக்டரிடம் அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து சண்டை போட்டார்.

சரி. நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரண்டு கடிதத்தையும் ஒரே நாளில் படித்தேன். மன்னித்துவிடு. ஐந்து வாரம் வெளியூரில் வேலை. புதுக் கட்டடம், பதினெட்டு மாடி, ஆறு லிஃப்ட். போனைச் சார்ஜில் போட்டபடி அறையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் இதைக் கேட்டால் திட்ட மாட்டாய். விண்ணப்பத்தை முதல் தேதியே போட்டுவிட்டேன்! காலை ஆறு மணிக்குத் தபால் நிலைய வாசலில் நான்தான் முதல் ஆள். ஒரு வாரமாக உட்கார்ந்து எழுதி, மூன்று தடவை சரிபார்த்தேன். பிறந்த தேதி கேட்ட இடத்தில் பிறந்த தேதியே இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்க முடியவில்லை, உன் கடிதம் வரும் முன்பே மெக்கானிக் என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. போன மூன்று தடவையும் காசு கொடுத்து எழுதி வாங்கியதுதான்; வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தை நானே எழுதியிருக்கிறேன் அக்கா. உன்னிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது.

என் அறையில் கூட இருக்கும் சமையல்காரர் அண்ணன்தான் விதிகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மனிதர் ஒன்பது வருஷமாகப் போடுகிறார். ஒரு வருஷம் பேராசைப்பட்டு இரண்டு விண்ணப்பம் போட்டாராம், ஒன்று இல்லாவிட்டால் ஒன்று விழும் என்று. ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான் கணக்காம். இரண்டையும் தள்ளுபடி செய்து, முத்திரை குத்தி, ஒரே கவரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சோத்துல உப்பு ரெண்டு தடவ போட்ட மாதிரி ஆயிடுச்சு தம்பி" என்று இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, என்னத்தைப் பார்த்துக்கொண்டாய்?

அத்தானிடம் சொல்: குளிர் ஆரம்பித்துவிட்டது.

அன்புத் தம்பி

*

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட்டம். ஊரெல்லாம் காய்ச்சல்.

நீயே விண்ணப்பம் போட்டதைப் படித்தேன். சந்தோஷம்.

பார்த்துக்கொள்கிறேன் என்றது ஒன்றுமில்லை. வேண்டிக்கொண்டேன், அதைத்தான் அப்படி எழுதினேன்.

சமையல்காரர் அண்ணனுக்கு நடந்தது எந்த வருஷம்? அந்த விதி இப்போதும் இருக்கிறதா, மாற்றிவிட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டாத உன் கடிதத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அத்தானோடு ஏதாவது மனஸ்தாபமா?

விதியெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. மாறப்போவது குலுக்கல்தான். தினம் ஒரு செய்தி. மசோதா முதல் சபையைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். ஏற்கெனவே போட்டவர்களுக்கு மட்டும் குலுக்கல் நடக்கும் என்று ஒருவர், அதுவும் ரத்து என்று இன்னொருவர். சலவைக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் எங்கள் ஆட்கள் இதையே பேசுகிறோம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் சொன்னாராம். இப்படியே நாள் ஓடுகிறது.

சமையல்காரர் அண்ணன் இரவு வேலைக்கு மாறிவிட்டார். நான் வரும்போது அவர் இருப்பதில்லை, அவர் வரும்போது நான் கிளம்பிவிடுகிறேன். அடுப்பில் எனக்கென்று மூடி வைத்த பாத்திரத்தைப் பார்த்துத்தான் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. லிஃப்டில் ஆபத்துக்கு ஒரு மணி இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு லிஃப்டிலும் அதை அழுத்திச் சோதிக்க வேண்டும். அழுத்தினால் எங்கோ ஓர் ஆபீஸிலிருந்து ஓர் அம்மாள் பேசுவார். "உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருக்கீங்களா? நல்லா இருக்கீங்களா?" என்று அவர்கள் மொழியில் கேட்பார். "சோதனைதான், நன்றி" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். முந்தாநாள் மூன்று லிஃப்டிலும் அவரே பேசினார். நாள் முழுக்க என்னிடம் நல்லா இருக்கீங்களா என்று கேட்டது அவர் ஒருவர்தான். மூன்று தடவை!

பெரிய கடிதமாக எழுது.

அன்புத் தம்பி

*

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

நலம். மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. உன் அத்தானுக்கும் எனக்கும் சண்டை வருவதற்கு அவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

செய்தியில் அந்த மசோதாவைப் பற்றிச் சொன்னார்கள். அது நிறைவேறி, இந்தக் குலுக்கலையும் ரத்து செய்துவிட்டால்கூட நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோருக்கும் சேர்ந்து போகும். யார் பேர் விழுந்தது, யார் பேர் விழவில்லை, ஏன் விழவில்லை என்ற பேச்சே இருக்காது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இங்கே ஒவ்வொருவனும் குலுக்கல் நடக்க வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். என் சொந்த அக்கா ரத்தாகட்டும் என்கிறாள். உனக்கு நான் திரும்பி வர வேண்டும் என்றால் நேராகச் சொல்லிவிடு. முப்பத்தெட்டு வயதில் வந்து, விட்ட இடத்திலிருந்து கற்றுக்குட்டி மாதிரி ஆரம்பிக்கிறேன். பரீட்சைச் சான்றிதழை உன் அலமாரியில் போட்டுப் பூட்டு.

லீவு நாளில் சமையல்காரர் அண்ணனிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். "அக்காவுக்கு ஏதோ பயம் தம்பி, கோபப்படாத" என்றார். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு. நான் எழுதியதே இல்லை என்று வைத்துக்கொள்.

குலுக்கல் நடந்துவிட்டது. முடிவு வந்துவிட்டது. என் பேர் விழவில்லை. வேலை முடிந்து வந்தபோது கதவுக்கு அடியில் கவர் கிடந்தது. கையில் எடுத்ததும் கனமாக இருந்தது, விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். பிரித்தால் ஒரே வரிதான். தேர்வாகவில்லை. அவ்வளவுதான். லட்சக்கணக்கான பேரில் சில ஆயிரம் பேரைத்தான் எடுக்கிறார்கள். அதிர்ஷ்டம் இல்லை, யார் என்ன செய்ய முடியும்? யாருமே ஒன்றும் செய்திருக்க முடியாது அக்கா.

சமையல்காரர் அண்ணனுக்கும் இல்லை. அவருக்குப் பத்தாவது வருஷம் என்று ஒன்று இருக்குமா, தெரியவில்லை. மசோதா இரண்டாவது சபைக்குப் போயிருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு லிஃப்டில் மணியை அழுத்தினேன். அந்த அம்மாள், "உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். சோதனைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பாவம், பதறி ஆளை அனுப்பப் பார்த்தார். அப்புறம் சொன்னேன்.

நீ வருத்தப்படாதே. எனக்காக ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருக்காதே.

அன்புத் தம்பி

*

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். அத்தானும் படித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

வந்த தாளில் என்ன எழுதியிருந்தது? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதி அனுப்பு. ஒரே வரி என்கிறாய். ஒரே வரிக்குக் கவர் ஏன் கனமாக இருந்தது?

ஆஸ்பத்திரி ஜன்னலில் மத்தியான நேரத்தில் நான் மற்றவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுப்பேனே, பாங்கிக்கு, பென்ஷனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று. அதை விட்டுவிட்டேன். கை வலி என்று சொல்லிவிட்டேன். போன வாரம் ஒரு பெண் பிறப்புச் சான்றிதழ் படிவத்தைக் கொண்டுவந்து, "நீங்க எழுதினா ராசிம்மா, திரும்பியே வராது" என்றாள். என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. பக்கத்து ஜன்னலுக்கு அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

அக்கா

*

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கிளம்புகிறேன். பத்தாம் தேதி சாயங்காலம் வீட்டில் இருப்பேன். இரண்டு பெட்டி. ஒன்றில் துணி, இன்னொன்றில் என் ஸ்பானர்கள். அத்தானிடம் சொல், இனி இங்கே மழையா வெயிலா என்று அவர் சமையல்காரர் அண்ணனைத்தான் கேட்க வேண்டும்.

அறையில் என் பக்கத்துச் சுவர் காலியாகிவிட்டது. அண்ணன் பார்க்காத மாதிரி இருக்கிறார். அடுப்பில் மூடி வைக்கும் பாத்திரம் மட்டும் இந்த வாரம் பெரிதாகிவிட்டது. இத்தனை வருஷம் வேலை பார்த்த கட்டடங்களில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரிடம் சொல்வது? லிஃப்ட் ஓடினால் அதற்கு மெக்கானிக் ஒருவன் உண்டு என்று யாருக்கு ஞாபகம் வரும்? கடைசியாக ஒரு தடவை மணியை அழுத்தி அந்த அம்மாளிடம் மட்டும் ஊருக்குப் போகிறேன் என்றேன். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

தாளில் இருந்ததை வார்த்தைக்கு வார்த்தை கேட்டிருந்தாய். தேர்வாகவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்காதே.

கை வலி என்று எழுதியிருந்தாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதிக் கொடு. அப்புறம் அந்தக் கைக்கு என் வேலையும் ஒன்று இருக்கிறது. ஊருக்கு வந்ததும் நான் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதை எழுத எனக்கு வராது, நீதான் எழுத வேண்டும். தொழில் என்ற இடத்தில் நீ ஏற்கெனவே எழுதியதையே எழுது. உருண்டை உருண்டையாக, அழகாகத்தான் இருந்தது. பிறந்த தேதியும் சரியாக இருந்தது.

உன் தம்பி,
லிஃப்ட் பொறியாளர்

*

ஆகஸ்ட் 7

என் மறதிமன்னனுக்கு,

நீ நாளை மறுநாள் கிளம்புகிறாய். இந்தக் கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். நாள் கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சமையல்காரர் அண்ணன் நல்ல மனிதர், பிரிக்காமல் எடுத்து வைத்துவிடுவார்.

மே மாதத்திலேயே தெரிந்துவிட்டது உனக்கு. என் கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருமே ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எனக்கு எழுதியிருக்கிறாய். பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? ஏப்ரலில் திட்டினாயே, அதுபோல இன்னும் நாலு கடிதம் எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபரில் உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. நீ மறந்திருப்பாய் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஜெராக்ஸ் கடைப் படிவத்தை ஒரே மூச்சில் எழுதினேன். உன் கையெழுத்தைப் போட்டேன். உன் பழைய போட்டோவை ஒட்டினேன். ஒருவருக்கு ஒன்றுதான் என்று எட்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது, அதையும் படித்தேன். படித்தும் அனுப்பினேன். நீ போட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தெட்டு வயது ஆளாக நீ அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று தடவை சரிபார்த்திருக்கிறாய். நான் இங்கே உன்னைப் பன்னிரண்டு வயதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம், அதற்காகத்தான் உன் கைக்குக் கிடைக்காதபடி எழுதுகிறேன். சமையல்காரர் அண்ணன் கதையை நீ எழுதின நவம்பரிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழாத நாள் இல்லை. அது நிஜம். ஆனால் பத்தாம் தேதி சாயங்காலம் வீட்டில் இருப்பேன் என்ற வரியைப் படித்தபோது, தம்பி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடக்க முடியாத சந்தோஷம். அத்தானைக் கூப்பிட்டு அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். செய்த தப்பை நீ மன்னித்துவிட்டாய். இதை நீ மன்னிக்கக் கூடாது.

நேரில் நீயும் கேட்க மாட்டாய், நானும் சொல்ல மாட்டேன். உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவி பழையதுதான், உன்னிடம் ஒன்று இருக்கிறது. அதையும் மறந்து வைத்துவிட்டு வராதே.

அக்கா